புழங்குபொருளும் கலைப்பொருளும்: அழகை எப்படித் தீர்மானிக்கிறோம்?

1926 அக்டோபரில் 'பாரிஸ்' என்ற நீராவிக் கப்பல் நியூயார்க் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. ருமேனியச் சிற்பி கான்ஸ்டன்டின் பிராங்குசியின் சிற்பங்கள் அதில் வந்தன. துணைக்கு ஓவியர் மார்செல் துஷாம்பும் வந்தார். சுங்க அதிகாரிகள் பெட்டியைத் திறந்தபோது, பளபளவென்று தேய்த்து மெருகேற்றிய ஒரு வெண்கலப் பொருள் வெளிப்பட்டது. நாலரை அடி உயரம் இருக்கும். நடுவில் சற்றே பருத்து, கீழே மெலிந்து, உச்சியில் சாய்வாகச் சீவிய முனையோடு நின்றது. தலை, சிறகு, அலகு எதுவும் இல்லை. பெயர் மட்டும் 'அந்தரத்தில் பறவை'.

1922ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டப்படி அசல் சிற்பங்களுக்கு வரி கிடையாது. ஆனால் இது சிற்பமே அல்ல என்று அதிகாரிகள் முடிவுசெய்தார்கள். சமையலறைச் சாமான்கள், மருத்துவமனைப் பொருள்கள் அடங்கிய இனத்தில் சேர்த்து 40 சதவீத வரி போட்டார்கள். வாங்கியவர் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைகன். வழக்கு சுங்க நீதிமன்றத்துக்குப் போனது. காட்டில் இதைக் கண்டால் பறவை என்று சுடுவீர்களா என்று நீதிபதி கேட்டார். நல்ல தொழிலாளி ஒருவர் பித்தளைக் குழாயைத் தேய்த்து இப்படி ஒன்றைச் செய்துவிட முடியாதா என்ற கேள்வியும் எழுந்தது. தேய்த்து மெருகேற்றுவது தொழிலாளியால் முடியும், இப்படியொரு வடிவத்தை மனத்தில் காண்பது அவரால் முடியாது என்றார் சாட்சியாக வந்த சிற்பி ஜேக்கப் எப்ஸ்டீன். 1928 நவம்பர் 26 அன்று தீர்ப்பு பிராங்குசியின் பக்கம் வந்தது. இயற்கைப் பொருளைப் போலச் செய்யாமல் கருத்தை உருவாக்கும் புதிய கலை மரபு தோன்றியிருப்பதை நீதிமன்றம் ஏற்றது.

நவீன கலையின் வெற்றியாகவே இந்த வழக்கு இன்றும் பேசப்படுகிறது. அதன் இன்னொரு பக்கத்தை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. பயன்பாட்டுப் பொருள் எதுவும் 'சிற்பம்' ஆகாது என்று அந்தச் சட்டமே விதித்திருந்தது. ஆகவே பறவை வெல்வதற்கு அழகாக இருந்தால் மட்டும் போதாது. எதற்கும் உதவாததாகவும் இருக்க வேண்டும். பெயர்பெற்ற சிற்பி செய்தது, பார்க்க இனிமையானது, அலங்காரம் தவிர வேறு பயனற்றது என்ற மூன்றும் சேர்ந்துதான் அதைக் கலையாக்கின. சமையலறைச் சாமானும் அழகாக இருக்கலாமே என்ற கேள்வி அந்த நீதிமன்றத்தில் எழவே இல்லை.

அந்தக் கேள்வியைத்தான் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஓவியத்தையும் தண்ணீர்க் குடத்தையும் அழகு என்கிறோமே, இரண்டையும் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறோமா? கடந்த ஒன்றரை நூற்றாண்டாக உளவியலாளர்களும் சமூகவியலாளர்களும் வடிவமைப்பாளர்களும் இதை ஆராய்ந்துவருகிறார்கள். அவர்களுடைய முடிவுகளைச் சேர்த்து வாசித்தால் ஒன்று தெளிவாகிறது. கண்டதும் சொல்லும் தீர்ப்பில் பழக்கம், பெயர், வர்க்கம் எல்லாமே கைவைக்கின்றன. பொருளோடு நாம் செலவிடும் காலம்தான் அவற்றின் பிடியைத் தளர்த்துகிறது. காலம் என்ற அந்தச் சோதனை ஓவியத்துக்கும் குடத்துக்கும் பொது.

கண் ஒப்புக்கொள்வது எவ்வளவு?

அழகை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானிய அறிஞர் குஸ்தாவ் ஃபெக்னர். 1876இல் வெளியான தம் அழகியல் நூலில் ஓர் எளிய சோதனையை அவர் விவரித்தார். ஒரே பரப்பளவும் வெவ்வேறு நீள அகல விகிதமும் கொண்ட பத்துச் செவ்வகங்களை மக்கள் முன் வைத்து, எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று கேட்டார். 'பொன் விகிதம்' எனப்படும், ஏறத்தாழ 1.618க்கு 1 என்ற அளவில் அமைந்த செவ்வகத்தையே மூன்றில் ஒரு பங்கினர் தேர்ந்தெடுத்தார்கள். அழகுக்குக் கணிதச் சூத்திரம் கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை அங்கிருந்து பரவியது. இன்றைக்கும் முக அழகு முதல் நிறுவன முத்திரை வரை எல்லாவற்றிலும் பொன் விகிதத்தைத் தேடும் காணொளிகளுக்குக் குறைவில்லை.

அடுத்து வந்தவர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்தச் சூத்திரம் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. 1980இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் கிறிஸ் மெக்மேனஸ் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. ஒவ்வொருவருக்கும் எளிய வடிவங்களில் திட்டவட்டமான விருப்பம் இருக்கிறது. ஆனால் அது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. எல்லோரும் பொன் விகிதத்தில் வந்து கூடுவதாகச் சொல்ல அவருக்குப் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை. சராசரியைக் கண்டு பொதுவிதி என்று நினைத்துவிடுகிற ஆபத்து இந்தத் துறையில் எப்போதும் உண்டு.

அதற்காகப் பொதுவான விருப்பமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கடிகாரம், சோபா போன்ற அன்றாடப் பொருள்களின் படங்களை இரண்டிரண்டாகக் காட்டி மோஷே பார், மைட்டால் நேட்டா இருவரும் 2006இல் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒன்று வளைவான விளிம்புடையது. மற்றது அதே பொருள், கூர்முனைகளோடு. கண நேரம் மட்டும் பார்த்தவர்கள் பொதுவாக வளைவையே விரும்பினார்கள். கூர்மை ஆபத்தை உணர்த்துவதால் அப்படி இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இதைவிட ஆழமான முடிவு 2018இல் வந்தது. ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் அனுபவ அழகியல் நிறுவனத்தின் எட்வர்ட் வெஸ்ஸலும் சக ஆய்வாளர்களும் முகங்கள், இயற்கைக் காட்சிகள், கட்டடங்கள், கலைப்படைப்புகள் ஆகியவற்றின் படங்களைக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். முகத்திலும் இயற்கைக் காட்சியிலும் ஒருவர் விருப்பம் இன்னொருவர் விருப்பத்தோடு நன்றாக ஒத்துப்போனது. கட்டடங்களுக்கும் கலைப்படைப்புகளுக்கும் வந்தபோது அந்த ஒற்றுமை குறைந்துவிட்டது. மலையருவி அழகு என்பதில் சண்டையே வருவதில்லை. மனிதர் கைபட்டுச் செய்த பொருளிடம் வரும்போதுதான் ரசனை ஆளுக்கொரு பக்கம் பிரிகிறது. அப்படிப் பிரிப்பது எது?

பார்த்துப் பார்த்துப் பிடித்துப்போவது

முதல் காரணம் பழக்கம். அர்த்தமில்லாத சொற்கள், சீன எழுத்தை ஒத்த குறிகள், அறிமுகமில்லாத முகங்கள் ஆகியவற்றைச் சிலமுறை கண்ணில் காட்டினாலே போதும், அவை பிடிக்கத் தொடங்கிவிடுகின்றன என்று உளவியலாளர் ராபர்ட் சயோன்ஸ் 1968இல் காட்டினார். இதை ஓவியத்துக்குப் பொருத்திப் பார்த்தவர் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் கட்டிங்.

அவருடைய ஆய்வு 2003இல் வெளிவந்தது; அதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. குஸ்தாவ் கையபோத் என்ற ஓவியர் வசதியானவர். மோனே, ரெனுவார், தெகா போன்ற நண்பர்களின் ஓவியங்களை விலைகொடுத்து வாங்கிச் சேர்த்தவர். 1894இல் இறக்கும்போது சேகரிப்பைப் பிரெஞ்சு அரசுக்கு எழுதிவைத்தார். அரசு தயங்கித் தயங்கி ஒரு பகுதியை மட்டும் ஏற்றுக் காட்சிக்கு வைத்தது. அந்தப் படங்களே பிறகு புத்தகங்களிலும் அஞ்சலட்டைகளிலும் திரும்பத் திரும்ப அச்சாகி, உணர்வுப்பதிவு ஓவிய மரபின் தலைசிறந்த படங்களாக நிலைபெற்றன என்பது கட்டிங்கின் வாதம். பல்கலைக்கழக நூலகப் புத்தகங்களில் எந்த ஓவியம் எத்தனை முறை அச்சாகியிருக்கிறது என்று எண்ணினார். பிறகு, ஒரே ஓவியரின் ஒத்த இரண்டு படங்களை மக்கள் முன் வைத்தபோது, அதிகம் அச்சான படத்தையே அவர்கள் விரும்பினார்கள். தம் வகுப்பு மாணவர்களுக்கு அரிதாக அச்சான படங்களைப் பாடத்துக்கு இடையே, விளக்கம் எதுவும் சொல்லாமல், சில விநாடிகள் பலமுறை காட்டிவந்தார். பருவ இறுதியில் கேட்டபோது புகழ்பெற்ற படங்களுக்கு இருந்த அனுகூலம் மறைந்துபோயிருந்தது.

அப்படியானால் காலம் தந்த புகழ் என்பதெல்லாம் அச்சகம் தந்த புகழ்தானா? எதையும் போதுமான முறை காட்டினால் அழகாகிவிடுமா? 2013இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆரோன் மெஸ்கினும் குழுவினரும் இதைச் சோதித்தார்கள். 19ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ஜான் எவரெட் மில்லேயின் படங்களையும், ஒளிரும் ஜன்னல்களும் மலர்த் தோட்டங்களுமாக வீடுகளை வரைந்து அமெரிக்காவில் அமோகமாக விற்ற தாமஸ் கின்கேடின் படங்களையும் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மில்லே குறையவில்லை. கின்கேடோ பார்க்கப் பார்க்க இறங்கினார். பழக்கம் அழகற்றதை அழகாக்கிவிடும் என்ற எண்ணத்துக்கு இது எதிர்ச்சான்று. ஒரே ஒரு சோதனையை வைத்துப் பெரிய கோட்டை கட்ட முடியாதுதான். ஆனாலும், மறுபடி மறுபடி பார்ப்பது பொருளின் சரக்கை வெளிக்கொண்டுவரும் என்ற பழைய அனுபவ அறிவுக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து கிடைத்த முதல் ஆதரவுகளில் இதுவும் ஒன்று.

பெயர்ப்பலகையின் அதிகாரம்

இரண்டாவது, பெயர். உல்ரிக் கிர்க்கும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட சோதனையில், ஒரே வகை அரூப ஓவியங்களில் சிலவற்றை டென்மார்க்கின் லூயிசியானா நவீன கலை அருங்காட்சியகத்தில் உள்ளவை என்றும், சிலவற்றைக் கணினி உருவாக்கியவை என்றும் சொல்லிக் காட்டினார்கள். அருங்காட்சியகத்தின் பெயர் தாங்கியவற்றுக்கே கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. மூளைப் படங்களைப் பார்த்தபோது, இன்ப உணர்வோடு தொடர்புடைய பகுதிகளில் வேறுபாடு தெரிந்தது. பெயரைக் கேட்டவர்கள் மரியாதைக்காகப் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே இன்பம் கூடியிருந்தது.

இதற்கு ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் முன்பே ஃபெக்னர் இதே சிக்கலில் கால்வைத்திருந்தார். ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த மாதா ஓவியம் ஒன்று இரண்டு வடிவங்களில் இருந்தது. ஒன்று டிரெஸ்டன் நகரில், மற்றொன்று டார்ம்ஸ்டாட்டில். டிரெஸ்டன் படத்தைத்தான் ஜெர்மனி முழுதும் கொண்டாடியது. எது அசல் என்ற விவாதம் முற்றி, 1871இல் இரண்டையும் அருகருகே காட்சிக்கு வைத்தார்கள். பார்வையாளர்கள் எது அழகு என்று எழுதிவைக்க ஃபெக்னர் ஒரு குறிப்பேட்டை வைத்தார். பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். எழுதியவர்கள் 113 பேர்தான். அவர்களிலும் பலர் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதவில்லை. சோதனை தோற்றது. ஆனால் அந்தக் காட்சி வேறொன்றை முடிவுசெய்தது. டார்ம்ஸ்டாட் படம்தான் ஹோல்பைன் கைப்பட வரைந்தது. டிரெஸ்டன் படம் 17ஆம் நூற்றாண்டில் இன்னொருவர் எடுத்த நகல். தலைமுறை தலைமுறையாக மக்கள் உருகி நின்றது நகலின் முன். அந்த உருக்கம் பொய்யா? படம் அப்படியே இருக்க, பெயர்ப்பலகை மாறியதும் அழகும் இறங்கிவிடுமா?

எல்லாமே பெயர்தான் என்று சொல்லிவிடவும் வழியில்லை. பாஸ்டன் கல்லூரியின் ஏஞ்சலினா ஹாலி-டோலன், எலன் வின்னர் இருவரும் 2011இல் செய்த சோதனை, 'இதை என் பிள்ளையே வரைந்துவிடுமே' என்று அரூப ஓவியத்தின் முன் நின்று அலுத்துக்கொள்பவர்களுக்கானது. பெயர்பெற்ற அரூப ஓவியர்களின் படங்களையும், குழந்தைகளும் குரங்கு, யானை போன்ற விலங்குகளும் தீட்டியவற்றையும் இணை இணையாகக் காட்டினார்கள். சிலவற்றில் பெயர் இல்லை. சிலவற்றில் பெயரை மாற்றியே ஒட்டியிருந்தார்கள். அப்படியும் பத்தில் ஆறேழு முறை ஓவியர் தீட்டியதே தேர்வானது. குருட்டாம்போக்கில் ஐந்துதான் வந்திருக்கும். படத்துக்குள்ளேயே ஏதோ ஒன்று, பின்னால் ஒரு மனம் திட்டமிட்டிருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது. பத்தில் மூன்று நான்கு முறை ஏமாறுகிறோம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

முட்டைக்கோஸைப் படம் பிடிக்கலாமா?

மூன்றாவது காரணத்தைச் சொல்லப் பலருக்குக் கூச்சம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு கூச்சப்படவில்லை. 1960களில் 1,217 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு 1979இல் அவர் வெளியிட்ட நூல், ரசனையைப் பற்றிய பேச்சையே மாற்றிப்போட்டது. அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று மிக எளியது. சூரிய அஸ்தமனம், நிலக்காட்சி, மரப்பட்டை, முட்டைக்கோஸ், கார் விபத்து என்று ஒரு பட்டியலைக் கொடுத்து, இவற்றில் எதைப் புகைப்படம் எடுத்தால் அழகாக இருக்கும் என்று கேட்டார்.

சூரிய அஸ்தமனம் அழகு என்பதில் உழைக்கும் மக்களுக்கு ஐயமே இல்லை. முட்டைக்கோஸையும் மரப்பட்டையையும் அழகாக எடுக்கலாம் என்று சொன்னவர்களின் விகிதம் படிப்பு ஏற ஏற உயர்ந்தது. உழைப்பவர் முட்டைக்கோஸை விலையாகவும் குழம்பாகவும் பார்க்கிறார். அதைப் படம் எடுத்து என்ன செய்ய என்று கேட்கிறார். வயிற்றுக் கவலை இல்லாதவர் பயனை ஒதுக்கிவைத்து வடிவத்தை மட்டும் பார்க்கிறார். 1790இல் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட், ஆசையோ பயனோ கலவாத பார்வைதான் தூய அழகுத் தீர்ப்பு என்று வகுத்தார். அப்படிப் பார்ப்பதற்கே ஓய்வும் வசதியும் வேண்டும் என்பது அவருக்கு பூர்தியு சொன்ன பதில். நல்ல ரசனை என்ற பெயரில் ஒரு வர்க்கம் தன் வேலியைத் தானே போட்டுக்கொள்கிறது.

நம் வீடுகளிலும் இந்த வேலி நகர்ந்ததைப் பார்க்கலாம். பித்தளைப் பாத்திரத்தைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கியது ஒரு காலத்தில் முன்னேற்றத்தின் அடையாளம். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூசுகிறவருக்காகக் காத்திருக்க வேண்டாம். எடைக்குப் போன அதே பித்தளை அண்டாவும் உருளியும் இன்று நட்சத்திர விடுதியின் வரவேற்பறையில் பூ மிதக்க வீற்றிருக்கின்றன. பாத்திரம் மாறவில்லை. அதைத் தேய்க்கிற கை மாறியிருக்கிறது. தினமும் தேய்த்த பெண்களின் இடுப்பு வலி நீங்கிய பிறகே அது பார்வைப் பொருளாயிற்று.

பூர்தியுவின் வாதத்தில் ஒரு குறையும் உண்டு. பயனோடு கலந்த பார்வையை அவர் இல்லாமையின் விளைவாகவே காண்கிறார். பயன் வழியாக அறியப்படும் அழகு என்று ஒன்று தனித்து இருக்கிறது என்பதை அவர் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை.

கை அறியும் அழகு

அந்த அழகுக்காக வாதாடியவர்களில் முன்னவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை இலங்கைத் தமிழர் முத்து குமாரசுவாமி. நிலவியல் படித்து, இலங்கையின் கனிம ஆய்வுக்குப் பொறுப்பேற்று ஊர் ஊராகச் சென்றபோது கைவினைஞர்களின் வாழ்வு அவரை ஈர்த்தது. இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய நூல் 1908இல் வெளிவந்தது. அதில் கோயில் ஓவியத்துக்கும் சீப்பு, பூட்டு, பானை போன்ற புழங்குபொருளுக்கும் சம மரியாதை. 1917 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். அங்கே இருந்துகொண்டே, நாம் இன்று கண்ணாடிக்குள் வைத்திருப்பவற்றில் பெரும்பகுதி கண்ணாடிக்காகச் செய்யப்பட்டதல்ல, வழிபடவும் உண்ணவும் உடுக்கவும் செய்யப்பட்டது என்று இடைவிடாமல் வாதிட்டார். எதற்காகச் செய்தார்கள் என்று தெரியாமல் நன்றாகச் செய்தார்களா என்று சொல்ல முடியாது என்பது அவர் கட்சி.

1958இல் அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை தந்தார்கள். அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961இல் உருவாக அதுவே தூண்டுதல். இந்தியாவில் தாங்கள் கண்ட பொருள்களிலேயே மிக அழகானதாக அவர்கள் தேர்ந்தெடுத்தது லோட்டாவை; நம் வீட்டுச் சொம்பை. அதைப் புதிதாக வடிவமைக்க வேண்டியிருந்தால் எதையெல்லாம் எண்ண வேண்டியிருக்கும் என்று அவர்கள் அடுக்கிய பட்டியல் நீண்டது. கொள்ளளவு, நிறைந்தும் குறைந்தும் இருக்கையில் சமநிலை, ஊற்றும்போது நீர் விழும் விதம், கழுவ எளிதா, கைக்குச் சூடா குளிர்ச்சியா, தட்டினால் என்ன ஓசை, விலை என்ன, பழசானால் உலோகத்துக்கு மதிப்பு உண்டா என்று அது போய்க்கொண்டே இருக்கும். எந்த ஒரு தனிமனிதரும் உட்கார்ந்து இதை வடிவமைத்திருக்க முடியாது. தலைமுறைகள் திருத்தித் திருத்தி வந்த வடிவம் என்றார்கள்.

சொம்பின் அக்கா குடம். அதன் வயிறு உருண்டையாக இருப்பது இடுப்பெலும்புக்கு மேல் பதிந்து உட்காருவதற்காக. கழுத்து ஒடுங்கியிருப்பதால் முழங்கை வளைத்துப் பிடிக்க இடம் கிடைக்கிறது. நடக்கும்போது தளும்பிச் சிந்துவதும் குறைகிறது. வாய் மீண்டும் வெளிப்பக்கம் விரிவதால் கயிற்றுச் சுருக்கு நழுவாது, ஊற்றும்போது நீர் சிதறாமல் இறங்கும். மண், செம்பு, பித்தளை, எவர்சில்வர் என்று பொருள் மாறியும் இந்த மூன்று வளைவுகளும் மாறவில்லை. பிளாஸ்டிக் வந்தது. எந்த வடிவத்திலும் வார்க்கக்கூடிய அந்தப் பொருளும் சென்னைத் தெருக்களில் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும்போது பச்சையும் சிவப்புமாக அதே குடமாகத்தான் நிற்கிறது. கண்ணுக்கு அந்த நிறங்கள் உறுத்தலாம். இடுப்பு அந்த வடிவத்தைக் கைவிடவில்லை.

ஆய்வுக்கூட அழகியலின் பெரிய இடைவெளி இங்கே இருக்கிறது. மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவற்றில் பொருள் என்பது ஒரு படம்; பார்க்கிற நேரம் சில விநாடிகள். எடை, சூடு, ஓசை, கையில் பொருந்தும் விதம் எதுவும் அங்கே சாட்சி சொல்ல முடியாது. மண்பானை வாங்குகிறவர் சுண்டிப் பார்த்துக் 'கிண்' என்ற ஓசை கேட்ட பிறகே விலை பேசுகிறார். டபரா டம்ளரின் விளிம்பு வெளியே மடிந்திருப்பதன் அருமை, கொதிக்கும் காபியோடு விரல் நுனியில் தூக்கும்போதுதான் தெரியும். அந்த அறிவைத் திரையில் காட்ட முடியாது.

கண்ணின் இன்பம் கையின் தீர்ப்பை முந்திக்கொள்வதும் உண்டு. 1995இல் ஜப்பானின் ஹிட்டாச்சி வடிவமைப்பு மையத்தில் மசாக்கி குரோசு, கவோரி கஷிமுரா இருவரும் ஏடிஎம் திரைப் பொத்தான்களின் 26 அமைப்புகளை மக்களிடம் காட்டினார்கள். எது அழகாகத் தெரிந்ததோ அதுவே பயன்படுத்த எளிதானது என்றும் மக்கள் நினைத்தார்கள். அது உண்மையிலேயே எளிதா என்பதோடு அந்த எண்ணத்துக்குத் தொடர்பு குறைவு. இஸ்ரேலில் இப்படி இருக்காது என்று எதிர்பார்த்த நோவாம் டிராக்டின்ஸ்கி அங்கே அதே சோதனையைச் செய்தார்; அங்கே தொடர்பு இன்னும் வலுவாகத் தெரிந்தது. கடையில் அழகாகத் தெரிந்த மூடி, வீட்டில் திறக்க மாட்டாமல் பாடுபடுத்துவது இதனால்தான். கடைக்காரர் கண்ணுக்கு விற்கிறார். கைக்கு உண்மை தெரிய ஒரு வாரம் ஆகிறது.

கையின் பொருள் கலைப்பொருளாக ஏறியதற்கு உலகில் சிறந்த சான்று கியோட்டோ நகரின் தைத்தோகுஜி கோயில் வளாகத்தில் இருக்கிறது. கிசாயெமோன் என்று பெயர் பெற்ற தேநீர்க் கிண்ணம் அது. 16ஆம் நூற்றாண்டில் கொரியாவில் வனைந்தது. ஜப்பானியத் தேநீர் வல்லுநர்கள் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். 1951இல் அது தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டது. நாட்டார் கைவினை இயக்கத்தைத் தொடங்கிய யனாகி சோயெத்சு, 1931இல் அதைப் பெட்டிக்குள் பெட்டியாகத் திறந்து எடுத்துப் பார்த்தார். பழுப்பேறிய நிறம், சக்கரத்தில் வனைகையில் பதிந்த விரல் தடங்கள், அடிப்பாகத்தில் திரண்டு சுருங்கிய மெருகுப்பூச்சு, அலட்சியமாகச் செதுக்கிய பாதம். ஏழை வீட்டில் சோறு உண்ணும் மலிவான கிண்ணம், அழகு செய்யும் எண்ணமே இல்லாத கை விரைவாக வனைந்தது என்பது அவர் முடிவு. அதன் அழகே அந்த எளிமையில் என்றார்.

இதை அப்படியே ஏற்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கலாம். வனைந்தவருக்குக் கிடைக்காத பெயர் வாங்கியவருக்குக் கிடைத்ததே! கிசாயெமோன் என்பது அந்தக் கிண்ணத்தை வைத்திருந்த ஒசாகா வணிகரின் பெயர். கொரியக் குயவரின் பெயர் யாருக்கும் தெரியாது. பெயர் தெரியாத கைவினைஞரைப் போற்றுவது உயர்வாகத் தோன்றும். கூலி கொடுக்காமல் போற்றினால் அது வெறும் பேச்சு.

கருவறை விளக்கும் கண்ணாடிப் பேழையும்

ஒரே பொருளை இரண்டு விதமாகத் தீர்மானிப்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. நடராசர் செப்புத் திருமேனியைக் கோயிலில் காண்பவருக்குப் பெரும்பாலும் உடல் தெரிவதில்லை. பட்டும் மாலையும் நகையும் மூடியிருக்க, முகமும் தூக்கிய திருவடியும் தீபாராதனையின் கணத்தில் துலங்கும். பாதந்தாங்கிகளின் தோளில் அசைந்து வரும்போது அந்த அசைவே ஆட்டமாகும். "இன்னைக்கு அலங்காரம் அள்ளிக்கிட்டுப் போகுது" என்று சொல்லும் பக்தை, அர்ச்சகரின் கைவண்ணம், பூவின் வாசம், நாதஸ்வரம் எல்லாவற்றையும் கூட்டித்தான் தீர்ப்பு சொல்கிறார்.

திருவாலங்காட்டு நடராசர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இவை ஏதுமின்றி நிற்கிறார். முயலகன் முதுகில் ஊன்றிய காலின் தசை, இடுப்பின் திருப்பம், நான்கு கைகளின் விசை எல்லாம் திறந்து கிடக்கின்றன. அந்த அருங்காட்சியகத்தின் நடராசர் திருமேனிகளைப் புகைப்படங்களில் மட்டுமே கண்ட பிரெஞ்சுச் சிற்பி ஒகுஸ்த் ரோதான், 1913இல் உருகி உருகி ஒரு கட்டுரை எழுதினார். அது 1921இல் அச்சேறியது. இந்தியாவுக்கே வராதவர், சைவம் அறியாதவர், படங்களைப் பார்த்தே உடலின் இயக்கத்தைப் படித்துவிட்டார். அவர் கண்டது பக்தைக்குத் தெரியாது. பக்தை கண்டது அவருக்குத் தெரியாது. இரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ளினால் சிற்பத்தில் பாதியை இழக்கிறோம். பிராங்குசி வழக்கின் சட்டத்தை இங்கே பொருத்தினால், வழிபாட்டில் இருந்த காலத்தில் நடராசர் பயன்பாட்டுப் பொருள், பேழைக்குள் வந்தபின் கலை என்று அபத்தமாக முடியும். பயன் போனால்தான் கலை என்ற விதி எவ்வளவு குறுகலானது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

நேரம் என்ற அளவுகோல்

இத்தனைக்குப் பிறகும் 'அழகு அவரவர் கண்ணில்' என்று கைகழுவிவிடலாம். அந்த முடிவு சோம்பலானது. 1757இல் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் இதே இடத்தில் நின்றுகொண்டு, ரசனை ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும் எல்லாத் தீர்ப்புகளும் சமமல்ல என்று வாதிட்டார். நுட்பமான உணர்வு, பயிற்சி, ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம், முன்முடிவு இல்லாமை, நல்லறிவு ஆகியவை கொண்டவரின் தீர்ப்பே நிலைக்கும் என்றார். அவர் சொன்ன தகுதிகளில் பயிற்சியும் ஒப்பீடும் நேரம் கொடுத்தால் யாருக்கும் வாய்ப்பவை. சந்தையில் முப்பது ஆண்டு பானை வாங்கிய பாட்டிக்கு அவை நிறையவே உண்டு. பானைகளைப் பொறுத்தவரை ஹியூமின் நீதிபதி அவர்தான்.

நாம் நேரம் கொடுப்பதில்லை என்பதே சிக்கல். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் புகழ்பெற்ற படைப்புகளின் முன் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று ஜெஃப்ரி ஸ்மித், லிசா ஸ்மித் இருவரும் அளந்து 2001இல் வெளியிட்டார்கள். சராசரி 27 விநாடி. பாதிப்பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். அந்த 17 விநாடியில் பேசுவது பெரும்பாலும் பெயர்ப்பலகையும் பழக்கமும் வர்க்கமும்தான். படைப்புக்குப் பேச வாய்ப்பே கிடைப்பதில்லை. புழங்குபொருளுக்கு வேறு வகை ஆபத்து. நேரம் நிறையக் கிடைக்கிறது, கவனம் கிடைப்பதில்லை. தினமும் கையாளும் டம்ளர் கண்ணுக்கு மறைந்துபோகிறது; அது தொலைந்து வேறொன்று கைக்கு வரும்போதுதான் முன்னதன் எடையும் விளிம்பும் நினைவுக்கு வருகின்றன.

ஆகவே கலைப்பொருளிடம் கொஞ்சம் நேரம் கூட்ட வேண்டும். புழங்குபொருளிடம் கொஞ்சம் கவனம் கூட்ட வேண்டும். நம் அருங்காட்சியகங்கள் 'வெண்கலம், 11ஆம் நூற்றாண்டு' என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல், அந்தப் பொருள் எதற்குச் செய்யப்பட்டது, யார் கையில் எப்படி இருந்தது என்று நாலு வரி எழுதிவைத்தால் பார்வையாளர் நிற்க ஒரு காரணம் கிடைக்கும். பள்ளிகளில் ஓவிய வகுப்பு என்றால் வரைவது மட்டும்தான் என்றிருக்கிறது. ஒரு சொம்பை மேசைமேல் வைத்து, தூக்கி, ஊற்றி, தட்டிப் பார்த்துப் பேசவைக்கவும் அதில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். வாசகருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பாத்திரக்கடைக்குப் போனால், பிடித்ததைக் கண்ணால் தேர்ந்தெடுங்கள். வாங்குவதற்கு முன் கையில் எடுத்து, சாய்த்து, சுண்டிப் பார்த்து, யார் செய்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். செய்தவரின் ஊரும் பேரும் சொல்லத் தெரிந்த கடையில், நாலு காசு கூடக் கொடுத்தாவது வாங்குங்கள்.